உள்ளளவா, வெளியளவா? வலைத் தரநிலைகள்: ஓர் அறிமுகம்

பாளையங்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர் ஒருவர் ஆசாரியிடம் போய், தலைவாசலுக்கு மூன்றரை அடி அகலத்தில் ஒரு நிலை வேண்டும் என்று சொன்னால், ஆசாரி மரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: “உள்ளளவா, வெளியளவா அண்ணாச்சி?” இரண்டு நிலைக்கால்களின் கனத்தையும் சேர்த்து மூன்றரை அடியா, அல்லது ஆள் நுழையும் இடைவெளி மட்டும் மூன்றரை அடியா என்பது அதன் பொருள். கேட்காமல் செய்துவிட்டால், கொத்தனார் சுவரில் விட்டிருக்கும் இடத்தில் நிலை நுழையாது. நுழைந்தாலும் கையகலச் சந்து மிச்சமிருக்கும்.

வலைப்பக்க வடிவமைப்பிலும் இதே கேள்வி ஒரு காலத்தில் பெரும் தொல்லையாக இருந்தது. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பத்தியும், படமும், பொத்தானும், பக்கத்தைத் திறந்து காட்டும் மென்பொருளான உலாவியின் கணக்கில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் எழுத்து இருக்கும், எழுத்தைச் சுற்றிச் சிறிது வெற்றிடம் இருக்கும், அதையும் சுற்றி ஒரு கரை இருக்கும். அகலம் 300 பிக்சல் (திரைப்புள்ளி), வெற்றிடம் பக்கத்துக்கு 20, கரை பக்கத்துக்கு 5 என்று நாம் எழுதினால், அந்தப் பெட்டி திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும்? பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸின், 1996 டிசம்பரில் வெளியான முதல் பதிப்பின்படி 300 என்பது உள்ளளவு. ஆகவே மொத்தம் 350 பிக்சல். விண்டோஸில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 என்னும் உலாவி அதே 300ஐ வெளியளவாக எடுத்துக்கொண்டு, எழுத்துக்கு 250 பிக்சலை மட்டும் ஒதுக்கியது. கோப்பு ஒன்று, கணினி ஒன்று, உலாவி மட்டும் இரண்டு என்ற நிலையில், ஒன்றில் ஓரத்துப் பட்டி தன் இடத்தில் நிற்கும். மற்றொன்றில் இடம் போதாமல் பக்கத்தின் அடியில் போய் விழுந்து கிடக்கும்.

இரண்டில் எது வசதி என்று கேட்டால், வெளியளவுதான் என்பேன். பிற்காலத்தில் எந்த அளவைக் கொள்வது என்பதை எழுதுபவரே தேர்ந்துகொள்ளும் வழி சி.எஸ்.எஸ்.ஸில் சேர்க்கப்பட்டது, இன்று வடிவமைப்பாளர் பலர், வெளியளவு என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். அப்படியானால் எக்ஸ்ப்ளோரர் செய்ததில் என்ன தவறு என்று படிக்க வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. அளவில் குற்றமில்லை. எல்லோரும் பார்க்க எழுதி வைத்த ஓர் அளவு இருக்கும்போது, ஒரு பட்டறை மட்டும் தன் அளவில் நிலை செய்து கொடுத்ததுதான் குற்றம். வலைத் தரநிலை என்று நாம் சொல்வது, பக்கத்தை எழுதுகிறவரும் உலாவியைச் செய்கிறவரும் ஒன்றுபோலப் பொருள்கொள்ளும்படி எழுதி வைக்கப்பட்ட இந்த உடன்பாட்டைத்தான்.

நம் சீமையில் நெல்லைக் கோட்டைக் கணக்கிலும் மரக்கால் கணக்கிலும் அளந்த காலம் ஒன்று இருந்தது. ஊருக்கு ஊர் மாறிய இத்தகைய அளவைகளை ஒழுங்குபடுத்த 1956இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. படிக்கல்லைச் சோதித்து முத்திரை குத்த அதிகாரிகளும் இருந்தார்கள். வலைக்கு அப்படிப்பட்ட சட்டமோ முத்திரையோ கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1989இல் வலைக்கான திட்டத்தை முன்வைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, 1994 அக்டோபரில் டபிள்யூ3சி என்னும் கூட்டமைப்பைத் தொடங்கினார். அது வெளியிடும் ஆவணத்துக்கே ‘பரிந்துரை’ என்றுதான் பெயர். வரைவு பல படிகளைக் கடந்து, தனித்தனியாக உருவாக்கப்பட்ட குறைந்தது இரண்டு செயலாக்கங்களேனும் அதன்படி ஒன்றுபோல் நடப்பதைக் காட்டிய பிறகே அந்தப் பெயரைப் பெறும் என்பது வழக்கம். உலாவி நிறுவனம் அதை ஏற்காவிட்டால் தண்டிக்க யாருமில்லை. ஆகையால் வலைத் தரநிலைகளின் வரலாறு என்பது பெரும்பாலும், அவற்றை ஏற்கச் செய்ய நடந்த வற்புறுத்தலின் வரலாறுதான்.

இங்கே மூன்று மொழிகளை அறிமுகப்படுத்த வேண்டும். எச்.டி.எம்.எல். என்பது பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் இன்னதென்று சொல்லும் மொழி: இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு. சி.எஸ்.எஸ். என்பது அவை எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் மொழி. நார்வே நாட்டவரான ஹோக்கோன் வியூம் லீ அதை 1994இல் முன்மொழிந்தார். ஜாவாஸ்கிரிப்ட், தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது. அது 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்து, எக்மா என்னும் அமைப்பின் தரநிலையாக 1997இல் பதிவானது. ஜாவாஸ்கிரிப்டை இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் தொடவில்லை. தொடங்குபவருக்கு முதல் இரண்டுமே போதும். அவற்றுக்கு இடையே உள்ள கோட்டைச் சரியாகப் போடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பத்தமடைப் பாய் விற்கும் ஒருவருக்குப் பக்கம் ஒன்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘கல்யாணப் பாய்’ என்ற சொற்கள் பெரிதாகவும் தடித்தும் சிவப்பாகவும் தெரிய வேண்டும். தொடங்குபவர் உடனே எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, சிவப்பு பூசிவிடுவார். கண்ணுக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் உலாவிக்கு அது பெரிய சிவப்பு எழுத்து மட்டுமே, தலைப்பு என்று தெரியாது. தரநிலையின் வழி, அந்தச் சொற்களை எச்.டி.எம்.எல்.லில் இரண்டாம் நிலைத் தலைப்பு என்று குறித்துவிட்டு, இரண்டாம் நிலைத் தலைப்புகள் எல்லாம் சிவப்பாகவும் பெரிதாகவும் இருக்கட்டும் என்று சி.எஸ்.எஸ். கோப்பில் ஒரே ஒரு முறை எழுதுவது. நாளைக்குக் கடைக்காரர் சிவப்பு வேண்டாம், பச்சை போதும் என்றால் ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. பழைய வழியில் எழுதியவர் நாற்பது பக்கங்களைத் திறந்து மூட வேண்டியிருக்கும்.

இந்தப் பிரிவினை தொடக்கத்திலேயே இருந்தும் அது ஏன் பத்தாண்டுக் காலம் நடைமுறைக்கு வரவில்லை என்றால், அதற்கு உலாவிப் போர் ஒரு காரணம். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 1994இலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 1995இலும் வந்தன. ஒவ்வொன்றும் மற்றதில் இல்லாத வித்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முயன்றது. கண் சிமிட்டும் எழுத்து நெட்ஸ்கேப்பின் கைச்சரக்கு. ஓடும் எழுத்து எக்ஸ்ப்ளோரரின் கைச்சரக்கு. இரண்டாவதைத் தரநிலை வழக்கொழிந்தது என்று குறித்த பிறகும், நம் நாட்டுத் தளங்கள் சிலவற்றின் நெற்றியில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படித்து முடிப்பதற்குள் போய்விடும் அறிவிப்பை யார் விரும்புகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்நாளில் பல தளங்களின் அடியில், இந்தத் தளத்தை இன்ன உலாவியில் 800க்கு 600 அளவுத் திரையில் காண்பது நலம் என்று ஒரு வரி எழுதியிருக்கும். வாசலுக்கேற்ற உடம்போடு விருந்தாளியை வரச் சொல்வது போன்ற வரி அது.

சி.எஸ்.எஸ்.ஸை நம்ப முடியாத அந்தச் சூழலில் வடிவமைப்பாளர்கள் அட்டவணையைப் பிடித்துக்கொண்டார்கள். விலையையும் அளவையும் கட்டம் போட்டுக் காட்டுவதற்கென்று எச்.டி.எம்.எல்.லில் இருந்த அமைப்பை எடுத்து, கோடுகளை மறைத்து, முழுப் பக்கத்தையும் அதற்குள் அடுக்கினார்கள். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம், இடைவெளி வேண்டிய இடத்தில் ஒரு பிக்சல் அளவுள்ள கண்ணுக்குத் தெரியாத படத்தை இழுத்துப் பரப்புவது என்று அது ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இது செய்தி, இது விளம்பரம் என்று பிரித்தறிய வழியே இருக்காது.

1998இல் ஜெஃப்ரி ஜெல்ட்மன் முதலிய வடிவமைப்பாளர்கள் சேர்ந்து வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் என்னும் இயக்கத்தைத் தொடங்கி, உலாவி நிறுவனங்கள் எழுதி ஒப்புக்கொண்டதைச் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், பிற்பாடு ஆசிட்2 என்ற சோதனைப் பக்கத்தை 2005இல் வெளியிட்டார்கள். தரநிலையைச் சரியாகப் பின்பற்றும் உலாவியில் அதில் ஒரு சிரித்த முகம் தெரியும், தவறினால் முகம் சிதைந்து போகும். வடிவமைப்பாளர்களை மனம் மாற்றியதில் பெரும்பங்கு டேவ் ஷே 2003இல் தொடங்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் தளத்துக்கு உண்டு. அங்கே எச்.டி.எம்.எல். கோப்பு ஒன்றுதான், அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் சி.எஸ்.எஸ். கோப்பை மட்டும் பலர் பலவிதமாக எழுதி அனுப்பினார்கள். ஒரே எழுத்துகள் ஒன்றில் பழைய ஓலைபோலவும், மற்றொன்றில் சினிமாச் சுவரொட்டிபோலவும் மாறுவதை நேரில் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனாலும் அதற்குள் எழுதப்பட்டுவிட்ட பழைய பக்கங்களை என்ன செய்வது? உலாவி திடீரென்று திருந்திவிட்டால், அதன் பிழையை நம்பி எழுதிய பக்கங்கள் எல்லாம் உடைந்துபோகும். 2000இல் மேக் கணினிக்கான எக்ஸ்ப்ளோரர் 5இல் தாந்தெக் செலிக் இதற்கு ஒரு வழி வைத்தார். கோப்பின் முதல் வரியில் ‘டாக்டைப்’ என்னும் அறிவிப்பு முறையாக இருந்தால் தரநிலைப்படி நடப்பது, இல்லாவிட்டால் பழைய கோணல் நடையிலேயே நடப்பது. இந்த வழியைப் பிற உலாவிகளும் எடுத்துக்கொண்டன, இன்றும் அப்படித்தான். எங்கோ ஓரிடத்தில் இருந்து எடுத்த பக்கத்தில் முதல் வரி விடுபட்டு, ஒன்றும் வரிசையில் நிற்கவில்லை என்று யாராவது என்னிடம் வந்தால், நான் முதலில் பார்ப்பது அந்த முதல் வரியைத்தான்.

2001இல் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தபோது அதற்குப் போட்டியே இல்லாமல் போயிற்று. அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. இடையில் அந்த ஓர் உலாவிக்கென்றே எழுதப்பட்ட படிவங்களும் விண்ணப்பங்களும் ஊரெல்லாம் நிறைந்தன. ஜங்ஷன் பக்கத்துப் பிரவுசிங் சென்டர் ஒன்றில், ஏதோ ஓர் அலுவலகத்தின் படிவம் மற்ற எதிலும் திறக்காது என்பதற்காகவே மூலையில் ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி நெடுநாள் வைத்திருந்தார்கள். அதில் உட்காரத் தனி வரிசை நின்றது. 2004இல் ஃபயர்ஃபாக்ஸும் 2008இல் குரோமும் வந்த பிறகே நிலைமை மாறியது. எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது. இப்போது குரோமில் மட்டும் பார்த்துவிட்டுப் போதும் என்று எழுந்துவிடும் பழக்கம் பெருகிவருவதைக் காணும்போது அந்த மூலைக் கணினி எனக்கு நினைவுக்கு வருகிறது.

இதுவரை சொன்னவை உலகுக்கெல்லாம் பொது. தமிழுக்கென்று தனியாக ஒரு பாடு இருந்தது, அது மற்றதைவிடப் பெரிது. சில ஆண்டுகளுக்கு முன் கள்ளிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் ஒரு குடும்பத்தார், 2000 வாக்கில் வெளிநாட்டு உறவினருக்காக எழுதி வைத்த பக்கத்தை மீட்டுத் தரச் சொன்னார்கள். திறந்தால் திரை முழுக்க, தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் இருந்த ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “எந்த ஊரு எழுத்துய்யா இது?” என்று கேட்டார். அவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதிய பக்குவம்தான் அது.

நடந்தது இதுதான். அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. கணினி தன்னிடம் உள்ளது ஐரோப்பிய எழுத்து என்றே நம்பிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட எழுத்துருவை மாட்டினால்தான் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். பத்திரிகைக்கு ஒன்றும் நிறுவனத்துக்கு ஒன்றுமாக எழுத்துருக்கள் இருந்தன. ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் ‘ம’ இருக்கும். எழுத்துருவைப் பக்கத்தோடு தானாக அனுப்பும் ஏற்பாடும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு வடிவம், எக்ஸ்ப்ளோரருக்கு வேறொரு வடிவம் என்றே இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு, எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று வகுக்கும் டாம், டாப் என்னும் இரண்டு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரநிலைகளாக்கியது. புலம்பெயர்ந்த தமிழர் பலர் திஸ்கி என்னும் வேறொரு குறியாக்கத்தைப் பயன்படுத்தினர். எல்லோரும் தரநிலை என்றே சொன்னார்கள். தரநிலைதான் பலவாக இருந்தது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி இடம் கொடுக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடு இதை எப்படித் தீர்த்தது என்பதை ‘நெல்லை’ என்ற சொல்லைக் கொண்டே பார்க்கலாம். கண்ணுக்கு மூன்று எழுத்து. பழைய எழுத்துருவில் தட்டச்சுக்காரர் கண்ணில் படும் வரிசையில் அடிப்பார்: முதலில் கொம்பு, பிறகு ந, பிறகு ல், பிறகு சங்கிலிக் கொம்பு, கடைசியில் ல. அகரவரிசைப்படுத்தச் சொன்னால் கொம்பில் தொடங்கும் சொற்கள் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ‘ந’ வரிசையில் தேடினால் ‘நெல்லை’ கிடைக்காது. யூனிகோடு வாய் ஒலிக்கும் வரிசையைக் கொண்டது: ந, அதன் கொம்பு, ல, அதன் புள்ளி, ல, அதன் சங்கிலிக் கொம்பு, ஆக ஆறு குறிகள். கொம்பை இடப்புறம் கொண்டுபோய் வரைவது எழுத்துருவுக்கும் அதை வரையும் மென்பொருளுக்கும் உரிய வேலை. உள்ளே இருப்பது இன்னதென்பதும் வெளியே தெரிவது எப்படி என்பதும் இங்கேயும் பிரிந்து நிற்பதைக் கவனிக்கலாம், எச்.டி.எம்.எல்.லும் சி.எஸ்.எஸ்.ஸும் பிரிந்த அதே கோடு. யூனிகோட்டின் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. தமிழக அரசு 2010இல் யூனிகோட்டைத் தரநிலையாக அறிவித்தது.

அந்த ஆறு குறிகளும் யு.டி.எஃப்.-8 என்னும் சேமிப்பு முறையில் கோப்பில் எழுதப்படும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகி, மொத்தம் 18 பைட்டுகள் ஆகின்றன. இது யு.டி.எஃப்.-8 என்று பக்கத்தின் தலைப்பகுதியில் அறிவிக்காவிட்டால், உலாவி அந்த 18ஐயும் ஐரோப்பிய எழுத்துகளாக எண்ணி, ஆச்சி பார்த்ததைப் போன்ற கோலத்தையே மறுபடியும் காட்டக்கூடும். அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது எச்.டி.எம்.எல். தரநிலையின் விதி. அதனோடு, பக்கத்தின் மொழி தமிழ் என்பதற்கு டி, ஏ என்னும் இரண்டெழுத்துக் குறியையும் எழுத வேண்டும். பலர் ஆங்கிலப் பக்க மாதிரியை எடுத்து அதன் மேல் தமிழை எழுதுவதால், ஆங்கிலத்துக்கான குறியே அங்கே தங்கிவிடுகிறது.

அந்த இரண்டெழுத்து யாருக்கு வேண்டும் என்றால், திரையைக் காதால் படிப்பவர்களுக்கு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி நூறாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. இந்த ஊரில் வலைப்பக்கம் எழுதுகிறவர் இப்படிப்பட்ட வாசகரை மறந்தேன் என்று சொல்ல முடியாது. இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான், மொழிக்குறியைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவுசெய்யும். எச் விசையை அழுத்தினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும்; பெரிய சிவப்பு எழுத்தாக மட்டும் எழுதிய ‘கல்யாணப் பாய்’ அங்கே அகப்படாது. படத்துக்கு மாற்றாக எழுதும் விவரிப்பில் ‘படம் 3’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘பத்தமடைக் கல்யாணப் பாய், நடுவில் மணமக்கள் பெயர் நெய்தது’ என்று எழுதினால் கேட்பவர் வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்குவார். இவற்றுக்கான டபிள்யூ3சி நெறிகளின் முதல் பதிப்பு 1999இல் வந்தது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வெளியாயின.

கைப்பேசியைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். ஒரே பக்கம் திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் முறையை ஈதன் மார்காட் 2010இல் விளக்கி எழுதினார். அதற்கு முன் ஒரு வரி தேவை: திரையின் உண்மை அகலத்தைக் கொள் என்று சொல்லாவிட்டால், ஐபோன் தன்னை 980 பிக்சல் அகலக் கணினித் திரையாகப் பாவித்து, பக்கத்தை எறும்பளவுக்குச் சுருக்கிக் காட்டும். தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பொத்தானை ஆங்கிலச் சொல்லை வைத்துப் பார்த்துவிட்டு அளவெடுத்தால், ‘பதிவிறக்கம் செய்க’ அதில் அடங்காது. ‘ஸ்ரீவைகுண்டத்திலிருந்து’ என்ற ஒற்றைச் சொல் பெரிய எழுத்தில் வந்தால் சின்னத் திரையைத் தாண்டி ஓடிவிடும். பெட்டியின் உயரத்தைப் பிக்சலில் பூட்டி வைக்காமல் விட்டு, நீளச் சொல்லை வேண்டுமிடத்தில் மடக்கிக்கொள்ள சி.எஸ்.எஸ்.ஸில் அனுமதி எழுதிவிட்டால் இரண்டு சங்கடமும் போகும்.

எழுதிய பக்கத்தைச் சோதிக்க டபிள்யூ3சி நடத்தும் சரிபார்ப்புக் கருவி இருக்கிறது. விடுபட்ட வரியையும், மூடாமல் விட்ட எச்.டி.எம்.எல். குறியையும் (டேக்) அது சுட்டிக்காட்டும். அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. கணினியில் உள்ள ஃபயர்ஃபாக்ஸில் ஆல்ட் விசையை அழுத்தினால் மேலே ஒரு பட்டி வரும்; அதில் ‘வியூ’, அதன் கீழ் ‘பேஜ் ஸ்டைல்’, அதில் ‘நோ ஸ்டைல்’ என்பதைத் தேர்ந்தால் சி.எஸ்.எஸ். அத்தனையும் கழன்றுவிடும். வண்ணமும் வரிசையும் போன பிறகும் தலைப்பு தலைப்பாகவும் பட்டியல் பட்டியலாகவும் மேலிருந்து கீழே ஒழுங்காகப் படிக்கக் கிடைத்தால் பக்கம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

அப்பளக் குடும்பத்தின் பக்கத்தைக் குறியாக்க மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிய பின் இந்தச் சோதனையைச் செய்தோம். ஆச்சியின் பக்குவம் முழுவதும் தமிழில் வந்துவிட்டது. விலைப்பட்டியல் மட்டும், அன்றைக்கு எழுத்துருத் தொல்லைக்குப் பயந்து யாரோ படமாக வரைந்து ஒட்டியது, பெயரோ விவரிப்போ இல்லாமல் நின்றது. திரைவாசிப்பானை ஓடவிட்டபோது ‘படம்’ என்ற ஒரு சொல்லோடு அதைக் கடந்து போயிற்று. அட்டவணையைப் பக்க அலங்காரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மேலே குறை சொன்னேன் அல்லவா, இங்கே அது தன் சொந்த வேலைக்கு வந்தது: முதல் வரிசையில் வகை, அளவு, விலை என்று தலைக்கட்டங்கள், கீழே ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரிசை. மறுபடி ஓடவிட்டோம். உளுந்து அப்பளத்தின் விலையை இயந்திரக் குரல் படித்ததும் ஆச்சி கையமர்த்தி, அது பழைய விலை, மாற்ற வேண்டும் என்றார்.